அறம் எப்பொழுது ஏச்சுச் சொல்லாயிற்று?

தமிழ் எழுத்துலகில் இற்றை நாளில் ஓர் ஏச்சுச் சொல் செலாவணியாகி வருகின்றது. அச்சொல் 'அறச்சீற்றம்' என்பது. ஊரில் நடந்த கொடுமையொன்றைக் கண்டு நெஞ்சு கொதித்துக் கட்டுரையாளன் ஒருவன் நான்கு வரி எழுதிவிட்டால் போதும். "ஐயா அறச்சீற்றம் கொண்டுவிட்டார்" என்று ஏளனம் கிளம்பிவிடும். கதையில் நன்மையும் தீமையும் தலைகாட்டினால் அது 'போதனை'. கட்டுரையில் தலைகாட்டினால் அது 'பிரச்சாரம்'. செய்தியில் தலைகாட்டினால் அது 'சார்பு'. மேலையோர் தம் மொழியில் எதனைப் பழிப்புப் பொருளில் வழங்கினரோ அதனை அப்படியே இறக்குமதி செய்து 'ஒழுக்கவாதம்' என்று பெயரிட்டுக்கொண்டு, அறம் சொல்லுவோனை எழுதத் தெரியாதவன் என்று ஒதுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. செயமோகனின் 'அறம்' என்னும் சிறுகதைத் தொகுதி 2011-இல் வெளிவந்த பின்னரும், அதே பெயரில் 2017-இல் ஒரு திரைப்படம் வந்த பின்னரும் சொல் என்னவோ எல்லார் வாயிலும் புகுந்தது, பொருள்தான் புகவில்லை. சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் பதக்கம்போல் ஒருசாரார் அணிந்துகொண்டனர்; கல்லெறிவதுபோல் மற்றொரு சாரார் எடுத்தெறிந்தனர்.

ஆயின் ஏசுவோரை மட்டும் ஏசிப் பயனில்லை. அறம் சொல்லுவதாகக் கூறிக்கொண்டு நூறாண்டுக் காலமாகத் தமிழிதழ்களில் நிகழ்ந்துவந்தது என்ன என்பதை ஆராய்ந்தாலன்றோ அச்சொல் ஏன் இந்நிலைக்கு வந்தது என்பது விளங்கும்?

அறம் என்பது 'அறு' என்னும் அடியினின்று பிறந்தது என்பர் சொல்லாய்வாளர். வரையறுத்தல், இது தகும் இது தகாது என்று துணித்தல் என்பதே அதன் உட்பொருள். துணிப்பதற்குத் துணிவு வேண்டும். எவர் முகத்துக்கு முன்னும் துணிக்க வேண்டும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிருட்டிணகிரியும் ஓசூரும் எந்தப் பழந்தகடூர் நாட்டைச் சார்ந்தும் அடுத்தும் கிடக்கின்றனவோ, அந்நாட்டு வேந்தன் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றாள் ஔவை. நெய் பூசி, பீலி அணிந்து, புத்தம் புதியனவாய் அடுக்கி வைத்திருந்த தன் படைக்கலங்களை அவன் அவளுக்குக் காட்டினான். அவள் அவற்றைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, தன் வேந்தனின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றாள். போரறியாத செருக்கனை அவனுடைய அரண்மனையிலேயே நின்று அளந்து காட்டிவிட்டாள்! புறநானூறு காட்டும் அறவுரை அவ்வாறு இருந்தது. அது மேல்நோக்கிப் பாய்ந்தது.

பின்னாளில் ஔவை என்ற அதே பெயர் பூண்ட மற்றொரு புலவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி அருளினார். அதன் பெருமையை எவரும் குறைத்துரைக்க வேண்டா. ஆனால் தமிழர் எந்த ஔவையை நினைவில் வைத்துக்கொண்டனர், எந்த ஔவையைப் புலவர் வகுப்போடு நிறுத்திவிட்டனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேந்தனுக்கு அறம் சொன்னவள் மறக்கப்பட்டாள். சிறுவர்க்கு அறம் சொன்னவர் மட்டும் எஞ்சினார். அறவுரை என்றாலே பெரியவர் சிறியவர்க்கும், மேலிருப்போர் கீழிருப்போர்க்கும் சொல்லுவது என்னும் எண்ணம் அன்றே முளைவிட்டுவிட்டது.

முளையை மரமாக்கியது 'தருமம்' என்னும் வடசொல். உள்ளத்துத் தூய்மையை அறமெனக் கண்டவர் வள்ளுவர். அவர் நூலுக்கு உரை வகுக்கப் புகுந்த பரிமேலழகரோ, மனு முதலியோர் விதித்ததையும் விலக்கியதையும் கொண்டே அறத்திற்கு இலக்கணம் கூறினார். மனு வகுத்தது என்னை? பிறப்புக்கேற்ற கடமை. கடமைக்கேற்ற அறம். அஃதாவது, எல்லார்க்கும் பொதுவாயிருந்த ஒன்று ஆளுக்கொன்றாய், குலத்துக்கொன்றாய்க் கூறுபட்டது. தகடூர் என்ற தூய தமிழ்ப் பெயரும் மறைந்து ஊர் 'தருமபுரி' ஆயிற்று. 1965-இல் சேலத்தினின்று பிரித்து மாவட்டம் அமைத்தபோதும் அப்பெயரே நிலைத்தது. அதனினின்று 2004-இல் பிரிந்த மாவட்டத்தின் பெயரோ கிருட்டிணகிரி. மேலிடத்தில் 'தருமம்' குலக்கடமையாயிற்று. கீழிடத்தில், இரவலன் தெருவில் "தருமம் போடுங்கள்" என்று கையேந்தும் பிச்சையாயிற்று. கட்டளைக்கும் பிச்சைக்கும் இடையே நேர்மைக்கு இடமேது? இக்கூத்தில் 'பத்திரிகா தர்மம்' என்று ஒரு தொடர் வேறு! அத்தொடரை மிகுதியாக முழங்கியவர்கள் எவரெவர் என்பதைத் தமிழர் நன்கறிவர்.

இதழெழுத்தில் அறம் பெற்ற மாற்றத்திற்குச் சான்றாக, இம்மண்ணிலேயே பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 திசம்பர் 10 அன்று பிறந்து, ஓசூர்ப் பள்ளியிற் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கி, நாட்டின் தலைமை ஆளுநர் பதவிவரை உயர்ந்த இராசாசி அவர். தமிழில் அறவுரைக் கட்டுரை என்றால் ஒரு தலைமுறைக்கு அவரே அளவுகோல். சிறு தொடர், எளிய சொல், கதையில் தொடங்கி நீதியில் முடிக்கும் திறம். எழுத்தாற்றலை மறுப்பது அறிவுடைமையன்று. தனித்தமிழ் இயக்கத்தை மறைமலையடிகள் தொடங்கிய அதே 1916-ஆம் ஆண்டில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் அமைத்தவர் அவர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

1929-இல் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தினின்று மதுவிலக்கிற்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை அவர் நடத்தினார். பின்னாளில் கல்கி எனப் பெயர்பெற்ற கிருட்டிணமூர்த்தி அவ்விதழில் அவருக்குத் துணைநின்றார். 1937-இல் சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சரானதும், அவ்வாண்டு அக்தோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். ஓசூரும் கிருட்டிணகிரியும் அன்று சேலம் மாவட்டத்துள் அடங்கியவை. கள்ளினால் வந்த வருவாய் போயிற்று. அதனை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இவ்வளவும் பாராட்டத்தக்கதே. எழுதியதைச் செய்தார், செய்ததற்கு விலையும் கொடுத்தார். இன்று அறம் எழுதுவோருள் எத்துணைப் பேருக்கு இது வாய்க்கும்?

ஆனால் அந்த அறம் எத்திசையில் பாய்ந்தது என்று கேட்க வேண்டும். குடிக்கும் கூலியாளை நோக்கிப் பாய்ந்தது. அவன் உழைத்த கூலி ஏன் ஒரு கலயக் கள்ளுக்கு மேல் தேறவில்லை என்று கேட்டு நிலக்கிழாரை நோக்கி அதே விரைவில் பாய்ந்ததா? குடிகாரன் மனைவியின் கண்ணீரைக் கண்டு கசிந்த அந்நெஞ்சம், 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்தியபோது தமிழ்த்தாய்மார் சிறைப்பட்டதைக் கண்டு கசிந்ததா? நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தபோது கசிந்ததா? பிற்காலத்தில், 1960-களில், அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பது உண்மை. ஆயினும் இறந்தவர் மீளவில்லை.

1953-இல் நடந்ததோ இதனினும் தெளிவான சான்று. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவேளை மட்டும் படிக்கட்டும், மறுவேளை பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் பார்த்தால் எவ்வளவு அழகு! உழைப்பின் உயர்வு, கைத்தொழிலின் மேன்மை, எளிய வாழ்வின் இன்பம். எல்லாம் அறவுரையே. ஆனால் அவ்வறவுரையை நடைமுறைப்படுத்தினால் நாவிதர் மகன் கத்தியும் வண்ணார் மகன் வெள்ளாவியும் பிடித்தே வாழ்நாள் கழிக்க வேண்டியதுதான். 'குலக்கல்வி' என்று நாட்டார் அதற்கிட்ட ஒற்றைப் பெயர் ஆயிரம் கட்டுரைக்கு விடையாக அமைந்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் ஒழிந்தது. அது ஒழியாதிருந்தால், 1970-களில் ஓசூரில் சிப்காட்டுத் தொழிற்பேட்டை எழுந்தபோது கடைசலும் பொருத்தலும் கற்றுப் பொறிகளின் முன் நின்ற உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கு நின்றிருப்பார்களா? தொரப்பள்ளிக்கு மிக அருகிலேயே எழுந்த ஆலைகள் அவை.

அறவுரை எழுத்து இவ்வொரு வகையினதே என்று எண்ணுதலும் தவறு. திரு.வி.க. வெசுலிப் பள்ளியில் தமிழாசிரியராயிருந்து, அப்பணியை விட்டு 1917-இல் 'தேசபக்தன்' ஆசிரியரானார். 1920-இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். (இதழ்ப் பெயர்கள் இரண்டும் வடசொற்கள்; உள்ளே ஓடிய தமிழோ தேன்.) 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தூண்களுள் ஒருவராய் நின்றார். அவர் எழுத்திலும் ஒழுக்கம் உண்டு, அன்பு உண்டு, கடவுள் உண்டு. ஆனால் பஞ்சாலைக் கதவு அடைபட்ட நாளில் தொழிலாளியிடம் சென்று 'பொறுமை ஓர் உயர்குணம்' என்று மட்டும் அவர் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆலை முதலாளியை நோக்கியும் அதே அறத்தைப் பேசினார். 'அறமும் அரசியலும்' என்று நூலுக்குப் பெயரிட்ட மு.வ.வும் அறத்தை வீட்டுக்குள் அடைக்கவில்லை. ஆட்சியின் வாயிலுக்குக் கொண்டுசென்றார். பெரியாரோ கற்பு என்பது பெண்ணுக்கு மட்டுமாயின் அது அறமே அன்று என்று 'குடிஅரசி'ல் எழுதி, ஒழுக்கம் பேசினோரின் உறக்கத்தையே கெடுத்தார். இவர்களை எல்லாம் 'ஒழுக்கவாதி' என்று ஏச எவனுக்கும் நா எழாது. ஏச்சு எழுந்தது வேறு எழுத்தினால்.

நாளிதழ்களைப் புரட்டினால் அவ்வெழுத்தைக் காணலாம். 'கள்ளக்காதல்' என்றொரு சொல். கணவன் கொன்றாலும் மனைவி கொன்றாலும் மூன்றாமவன் கொன்றாலும் கொலையைப் பின்னுக்குத் தள்ளித் தலைப்பில் முன்வந்து நிற்பது இச்சொல்லே. மணத்திற்குப் புறம்பான உறவு குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் 2018 செபுதம்பரில் தண்டச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை நீக்கிற்று. சட்டப் புத்தகத்தினின்று நீங்கியது; தலைப்பினின்று நீங்கவில்லை. 'உல்லாசம்' என்றொரு சொல். காவலர் சோதனையில் பிடிபடும் ஏழைப் பெண்ணுக்கு 'அழகி' என்றொரு பட்டம். பிடிபடும் ஆணுக்கு அங்ஙனம் ஒரு பட்டம் எந்த இதழிலேனும் உண்டா? எல்லாவற்றினும் கொடியது 'கற்பழிப்பு'. வன்கொடுமை செய்தவன் அழித்தது அப்பெண்ணின் கற்பையாம்! அவன் குற்றம் அவள் இழப்பாகிறது. அவள் இழப்பு அவள் இழுக்காகிறது. நீண்ட போராட்டத்திற்குப் பின்னரே 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் இதழ்களில் இடம்பெற்றது.

தனித்தமிழ் அன்பர்கள் ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். கள்ளக்காதலும் கற்பழிப்பும் அழகியும் வடசொற்கள் அல்ல, தமிழ்ச் சொற்களே. சொல் தமிழாயிருப்பதனாலேயே நினைவும் தமிழாகிவிடும் என்று கருதுவோர் ஏமாறுவர். மனுவின் எண்ணத்தைத் தமிழ்ச்சொல்லில் பொதிந்து விற்றாலும் அது மனுவின் எண்ணமே. சொல்லைத் தூய்மை செய்வோர் அதனுள்ளிருக்கும் சரக்கையும் பார்த்தாக வேண்டும். இதனை இயக்கத்தவரே சொல்லாவிடில் வேறெவர் சொல்லுவர்?

நல்ல சொல் நல்ல தீர்ப்பு வழங்கிய வரலாறும் உண்டு. சாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றோரும் உறவினரும் கொல்லும் கொடுமைக்கு முன்பு 'கௌரவக் கொலை' என்றே இதழ்கள் எழுதின. ஆங்கிலத்தினின்று பெயர்த்த வடசொல். கொலைக்குக் கௌரவமா? கொன்றவன் மீசையை முறுக்கிக்கொள்வதற்கு இதழே நெய் தடவிக் கொடுத்தாற்போல் அன்றோ அது இருந்தது! இயக்கங்கள் இடித்துரைத்தன, 'ஆணவக் கொலை' என்னும் சொல் எழுந்தது, மெல்ல மெல்ல நாளிதழ்களும் அதனை ஏற்றன. ஒரு சொல்லை மாற்றியதனால் குற்றவாளியின் இருக்கை மாறிற்று. மானத்தைக் காத்தவனாய் நின்றவன் செருக்கினால் கொன்றவனாய் நின்றான். இதனினும் சிறந்த அறவுரைக் கட்டுரையை எவர் எழுதினார்?

2018 நவம்பரில் ஓசூர்ப் பகுதியினரான இளைஞர் ஒருவரும் அவரைச் சாதி மாறி மணந்த பெண்ணும் கொல்லப்பட்டு, எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் காவிரியில் பிணமாய்க் கிடந்தனர். மாநில எல்லை கடந்து எறிந்துவிட்டால் உண்மையும் எல்லை கடந்துவிடும் என்று கொலைஞர் எண்ணினர் போலும். இத்தகைய மணங்களைத் தடுப்போர்க்கு எதிராக அரசுகள் செய்ய வேண்டியவற்றை உச்சநீதிமன்றம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வகுத்துரைத்திருந்தது. தனிச்சட்டத்திற்குப் பரிந்துரை செய்ய ஓர் ஆணையத்தைத் தமிழக அரசு அறிவித்ததோ 2025-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்துணைத் தலையங்கங்கள் இதனைக் கேட்டன, எத்துணைத் தலையங்கங்கள் இளையோர் காதலிப்பதைப் பற்றி அறிவுரை கூறின என்று எண்ணிப் பார்க்கலாம்.

குடியின் கதைக்கே மீளுவோம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது; மீண்டும் வந்தது; மீண்டும் போயிற்று. 1983-இல் சாராயத்தை மொத்தமாய் வாங்கி விற்க அரசே ஒரு வாணிகக் கழகம் அமைத்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே திறந்துவைத்துக்கொண்டது. தீபாவளி மறுநாள் எந்த மண்டலத்தில் எத்துணைக் கோடிக்கு விற்றது என்று மட்டைப்பந்து ஓட்டக் கணக்குப்போல் நாளிதழ்கள் அடுக்குகின்றன. விற்றவனை நோக்கி ஒரு சொல் இல்லை. எல்லைப்புறத்திலோ காட்சி வேறு. கருநாடகச் சாராயப் பொட்டலங்களைச் சாக்கில் கட்டி இருசக்கர வண்டியில் கொணர்ந்த கூலியாள் ஒருவன் பிடிபடுவான். பொட்டலங்களை அடுக்கிவைத்து, அவனைத் தலைகுனிய நிறுத்தி, பின்னே காவலர் வரிசையாய் நிற்கப் படம் வரும். தமிழ்நாட்டுக் குடியைத் தமிழ்நாட்டு அரசே விற்கலாம், அது வருவாய். கருநாடகக் குடியை அவன் விற்றால் அது சமூகச் சீர்கேடு. 'விமோசன'த்தின் ஆசிரியர் ஏழையின் குடியைக் கண்டித்தாரேனும் ஆட்சியின் வருவாயையும் துறந்தார். இன்றை இதழ்கள் அவரிடமிருந்து கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு துறவை விட்டுவிட்டன.

அறவுரை இங்ஙனம் எளியோனை மட்டும் கடிந்து கடிந்து மானமிழந்தபின், அதன் இடத்திற் குடியேறியது இரக்கம். இரக்கம் நல்லதுதானே என்பர். கேட்க வேண்டியது, எதற்குப் பகரமாய் இரக்கம் என்பதே. 2023 சூலை 29 அன்று கிருட்டிணகிரிப் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பதின்மர் மாண்டனர். அவ்வாண்டே அக்தோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டியதும் எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீப்பற்றிப் பதினால்வருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீபாவளிக் காலக் கூலிக்கென்று சென்ற தமிழிளைஞர்கள். வீட்டுச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் நாலு காசு தேடிப் போனவர்கள். 'சோகம்' என்றும் 'பரிதாபம்' என்றும் 'கருகினர்' என்றும் செய்தித் தலைப்பிடுவது இதழ்களின் வழக்கம். விதித்த அளவுக்கு மேல் வெடியை அடுக்கியவன் எவன், அடுக்க விட்டவன் எவன், வெளியேற வழியின்றிக் கடை கட்ட ஒப்புதலிட்ட கை எது என்னும் வினாக்களெல்லாம் அந்த இரண்டு மூன்று சொற்களுக்குள் புதைந்துபோகின்றன. பரிதாபம் என்னும் சொல்லுக்கு எழுவாய் வேண்டுவதில்லை. எவரும் செய்யாமலே நிகழ்ந்துவிடும் ஒன்றன்றோ அது! அறச்சொல்லுக்கோ எழுவாய் இன்றியமையாதது: இன்னான், இன்னது செய்தான், அது தகாது.

இக்கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேடுகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. வட்டெழுத்தில் வெட்டப்பட்டவை பல. அவற்றில் எழுதியவர் கட்டுரை வரைவார் அல்லர், கல் தச்சர். இன்ன அரசனுக்கு இத்தனையாம் ஆட்சியாண்டு, இன்னாருடைய ஆள், ஆநிரை கவரப்பட்ட பொழுது மீட்டு வீழ்ந்தான், பெயர் இது. கவர்ந்தவர் இன்னார் என்பதையும் சில கற்கள் சொல்லும். ஒரு கண்ணீர்ச் சொல் இல்லை, ஓர் அறிவுரை இல்லை. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டு கடந்தும் யார் மாண்டார், எதற்காக மாண்டார் என்பது படிப்போனுக்கு விளங்குகின்றது. அத்திப்பள்ளியில் மாண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தித்தாளை இன்னும் பத்தாண்டு கழித்து ஒருவன் எடுத்துப் படிப்பானாயின், அவர்கள் யாரால் மாண்டனர் என்று அவனுக்கு விளங்குமா?